பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலும் கீழும்



நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். எக்ஸெல் ஷீட்டில் ஒரு பரப்பு வரைபடம் போடுகிறோம். சில எண்கள் பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கின்றன, சில கீழே. மேலே உள்ள பரப்புக்கு ஒரு நிறம், கீழே உள்ளதற்கு வேறு நிறம் கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று செய்துகாட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது, அந்த இடத்தை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்குள் போனால், வரவு செலவு எழுதுகிறவர் முதல் வானிலை ஆய்வாளர் வரை எல்லாரும் அதில் அகப்படுகிறார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் பூசும் ஆசை கணினியோடு பிறந்ததல்ல. 1786-ல் லண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ‘கமர்ஷியல் அண்ட் பொலிட்டிகல் அட்லஸ்’ என்ற நூலை வெளியிட்டார். நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர் அவர். பெயர்தான் அட்லஸ். உள்ளே நிலப்படங்கள் கிடையாது, நாடுகளின் வணிகக் கணக்குகள் கோடுகளாக ஓடுகின்றன. அதில் டென்மார்க், நார்வே நாடுகளோடு இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை செய்த வணிகத்தைக் காட்டும் படம் புகழ்பெற்றது. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. நூற்றாண்டின் முதல் பாதியில் இறக்குமதி மேலே இருக்கிறது. 1750களின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதன்பிறகு ஏற்றுமதி மேலே போய்விடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள பரப்பில், வெட்டும் இடத்துக்கு முன்னால் உள்ளதற்கு ஒரு சாயம், பின்னால் உள்ளதற்கு வேறு சாயம் பூசப்பட்டிருக்கிறது. செப்புத்தகட்டில் அச்சடித்து, கையால் நிறம் தீட்டிய படம் அது. ‘இங்கிலாந்துக்குப் பாதகமான நிலுவை’, ‘சாதகமான நிலுவை’ என்று அந்தப் பரப்புகளுக்குள்ளேயே எழுதியும் வைத்தார். நாம் எக்ஸெல்லில் கேட்பது இதைத்தான். 230 வருடங்களுக்கு மேலாகியும் பல மென்பொருள்கள் பரப்பு வரைபடத்தில் இதை ஒரே பொத்தானில் தருவதில்லை.

ஆனால் பிளேஃபேரின் முறையில் ஒரு குறை உண்டு. அதே நூலில் கிழக்கிந்திய வணிகத்தைப் பற்றியும் ஒரு படம் இருக்கிறது. அதாவது நம் பக்கத்துச் சரக்குகளின் கதை. இரண்டு கோடுகளும் வளைந்து வளைந்து ஏறுகின்றன. அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாண்ட் 1980களில் அந்தப் படத்தை எடுத்து, இறக்குமதியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் தனியாக வரைந்தார். 1760-ஐ ஒட்டி அந்த வித்தியாசம் சட்டென்று ஏறி இறங்குவது பளிச்சென்று தெரிந்தது. பிளேஃபேரின் படத்தில் அது கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. காரணம், சாய்ந்து ஏறும் இரண்டு கோடுகளுக்கு இடையே பார்க்கும்போது நம் கண் நேர் செங்குத்து உயரத்தை அளப்பதில்லை. மிக அருகில் உள்ள தூரத்தைத்தான் அளக்கிறது. அதனால்தான் இரண்டு கோடு வேண்டாம், முதலில் கழித்துவிடுங்கள் என்கிறேன். வித்தியாசத்தை ஒரு நேரான பூஜ்ஜியக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு, பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

நமக்குப் பழக்கமான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை நிலவரம் நாளிதழில் வருகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, நீர் திறப்பு இத்தனை கனஅடி. 1934-ல் கட்டிமுடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. டெல்டாவில் நிலம் வைத்திருக்கிறவர்கள் வரத்தையும் திறப்பையும் மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொள்வார்கள். வரத்து அதிகமென்றால் அணை ஏறுகிறது, திறப்பு அதிகமென்றால் இறங்குகிறது.

இந்தக் கணக்குக்குப் பரப்பு வரைபடம் மிகப் பொருத்தம். பரப்புக்கே ஒரு பொருள் இருக்கிறது. வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கனஅடி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. வகுத்துப் பார்த்தால், வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க மிச்சப்பட்டால் ஒரு டிஎம்சி சேருகிறது. ஆக, பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலே நிறம் பூசிய பரப்பு சேர்ந்த தண்ணீர். கீழே உள்ள பரப்பு இருப்பிலிருந்து குறைந்த தண்ணீர். ஆவியாதல் போன்ற சில்லறைக் கழிவுகளை ஒதுக்கிவிட்டால், பரப்பை அளந்தாலே டிஎம்சி கிடைத்துவிடும். நிறம் இங்கே தண்ணீரின் அளவைச் சொல்லுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் நிறத்தைத் தவறான இடத்தில் பூசினால் தண்ணீர்க் கணக்கே தவறிப்போகும்.

எப்படித் தவறும் என்று பார்ப்போம். வழக்கமாகச் சொல்லித்தரப்படும் வழி இது: வித்தியாசம் உள்ள நெடுவரிசைக்குப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்க்கிறோம். ஒன்றில் மேக்ஸ் சூத்திரம், வித்தியாசமும் பூஜ்ஜியமும் சேர்ந்ததில் பெரியது எதுவோ அது. இன்னொன்றில் மின் சூத்திரம், இரண்டில் சிறியது. முதல் நெடுவரிசையில் மிகை எண்கள் மட்டும் நிற்கும், குறை எண் வந்த இடமெல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். இரண்டாவதில் நேர் எதிர். இரண்டையும் தேர்ந்தெடுத்துச் சாதாரண பரப்பு வரைபடம் போட்டு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு ஆரஞ்சு கொடுத்தால் ஆயிற்று. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது இரண்டு தொடர்களையும் கூட்டிக் குழப்பிவிடும்.

இதோடு நிறுத்தினால் படம் அழகாகத்தான் இருக்கும். பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பத்து நாளுக்கு ஒரு முறை அளவு எடுக்கிறோம். மாதத்தின் 1-ஆம் தேதி வித்தியாசம் 4,000 கனஅடி மிகை. 11-ஆம் தேதி 6,000 கனஅடி குறை. மிகை நெடுவரிசையில் 1-ஆம் தேதி 4,000, 11-ஆம் தேதி பூஜ்ஜியம். ஆகவே நீலப் பரப்பு பத்து நாளும் சரிந்துகொண்டே போய் 11-ஆம் தேதிதான் தரையைத் தொடுகிறது. குறை நெடுவரிசையில் 1-ஆம் தேதி பூஜ்ஜியம், 11-ஆம் தேதி 6,000. ஆரஞ்சுப் பரப்பு 1-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. அந்தப் பத்து நாளும் கோட்டுக்கு மேலேயும் நிறம், கீழேயும் நிறம். ஒரே நேரத்தில் அணை ஏறுகிறது, இறங்கவும் செய்கிறது என்கிறது படம்.

உண்மையில் 4,000-லிருந்து கீழே 6,000-க்கு நேர்கோடாகப் போனால், மொத்தச் சரிவு 10,000. அதில் 4,000 சரிந்ததும் பூஜ்ஜியம். பத்து நாளில் நான்கு நாள் கழித்து, 5-ஆம் தேதி கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. நீல முக்கோணம் நான்கு நாள் அகலம்தான், ஆரஞ்சு ஆறு நாள் அகலம். முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்கினால் வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சரியான நீலம் 8,000, படத்தில் தெரிகிற நீலம் 20,000. சரியான ஆரஞ்சு 18,000, படத்தில் தெரிவது 30,000. இரண்டு பக்கமும் 12,000 கூடுதல். 11,574-ஆல் வகுத்தால் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேலே வருகிறது. சேராத ஒரு டிஎம்சி சேர்ந்ததாகவும், குறையாத ஒரு டிஎம்சி குறைந்ததாகவும் வரைபடம் காட்டுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கழித்துப் பார்த்தால் இரண்டு படத்திலும் நிகரம் ஒன்றுதான், 10,000 குறை. தணிக்கைக்கு வந்தவர் நிகரத்தை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை பிடிபடவே பிடிபடாது. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் விளக்குகிறேன்.

இதற்குப் பரிகாரம், கடக்கும் தேதியை நாமே கண்டுபிடித்துத் தரவில் சேர்ப்பது. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்குங்கள். பெருக்குத்தொகை குறை எண்ணாக வந்தால் நடுவில் பூஜ்ஜியம் கடந்திருக்கிறது. முதல் எண்ணை, முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து வருவதால் வகுங்கள். நம் கணக்கில் 4,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 0.4. இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நாட்களை அதனால் பெருக்கி, முதல் தேதியோடு கூட்டினால் கடக்கும் தேதி. அந்தத் தேதிக்கு ஒரு புதிய வரிசை, மிகையும் பூஜ்ஜியம், குறையும் பூஜ்ஜியம். கிடையச்சைத் தேதி அச்சாக மாற்றிவிடுவது கட்டாயம். எழுத்து அச்சாக விட்டால் எல்லாப் புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்துப் படத்தைக் கோணலாக்கிவிடும். தேதி அச்சில் இன்னொரு வசதியும் உண்டு. புதிய வரிசைகளை அட்டவணையின் அடியில் மொத்தமாக எழுதிவைத்தாலும் எக்ஸெல் தேதி வாரியாகத் தானே அடுக்கிக்கொள்ளும். மூலத் தரவைக் கலைக்கவே வேண்டாம். ஒரு வரம்பு இருக்கிறது: தேதி அச்சு முழு நாளுக்குக் கீழே இறங்காது. தினசரித் தரவுக்குக் கடக்கும் நேரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மணியையும் ஒரு நாளாகப் பாவித்து எண் கொடுக்க வேண்டியிருக்கும்.

வரைந்து முடித்ததும் இரண்டு வேலை. கிடையச்சின் எழுத்துகள் பூஜ்ஜியக் கோட்டின்மேல், ஆரஞ்சுப் பரப்புக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கும். அச்சின் அமைப்பில் எழுத்துகளின் இடத்தை ‘லோ’ என்று மாற்றினால் படத்தின் அடிக்கு இறங்கிவிடும். பிறகு பூஜ்ஜியக் கோட்டைக் கருமையாக, தடிமனாக ஆக்குங்கள்.

வேறொரு குறுக்குவழியும் உண்டு. ஒரே தொடரை வைத்துக்கொண்டு, படிப்படியாக நிறம் மாறும் நிரப்பலில் இரண்டு நிறங்களையும் ஒரே புள்ளியில் சந்திக்க வைப்பது. அதிகபட்சம் 12,000, குறைந்தபட்சம் கீழே 8,000 என்றால், மொத்தம் 20,000-ல் 12,000, அதாவது மேலிருந்து 60 சதவீதத்தில் நிறம் மாற வேண்டும். கடக்கும் தேதியைக் கணக்கிடவே வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வாரம் 15,000 என்று ஒரு எண் வந்தால் அந்த 60 தானாக மாறாது. நிறம் பூஜ்ஜியத்தை விட்டு நகர்ந்துவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். இனி மாறவே போவதில்லை என்று உறுதியான தரவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

இனி, பரப்பு வரைபடமே போடக் கூடாத இடம். இந்தியா முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2014-ல் 12 சதவீதம் குறைவு, 2015-ல் 14, 2016-ல் 3, 2017-ல் 5, 2018-ல் 9 சதவீதம் குறைவு. தொடர்ந்து ஐந்து ஆண்டு கோட்டுக்குக் கீழே. 2019-ல் 10 சதவீதம் அதிகம், 2020-ல் 9 சதவீதம் அதிகம். இதைப் பரப்பாக வரைந்து, நான் சொன்ன முறையில் கடக்கும் நாளைக் கணக்கிட்டால், 2018 செப்டம்பர் முடிவிலிருந்து நகர்ந்து 2019 மார்ச் மாதத்தில் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதாக வரும். மார்ச்சில் தென்மேற்குப் பருவமழை ஏது? இரண்டு பருவங்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை, அந்த இடத்தை நிறத்தால் நிரப்பினால் இல்லாத மழையை வரைகிறோம். இங்கே பட்டை வரைபடம்தான் சரி. பட்டைக்கு எக்ஸெல்லிலேயே வழி இருக்கிறது. நிரப்பல் அமைப்பில் ‘இன்வர்ட் இஃப் நெகட்டிவ்’ என்ற கட்டத்தை டிக் செய்தால், 2010 பதிப்பிலிருந்து இரண்டு நிறங்களையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். மாத வருமானம், காலாண்டு லாப நட்டம், தேர்வு மதிப்பெண் ஏற்ற இறக்கம் எல்லாம் இந்த வகைதான்.

என்ன நிறம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பச்சையும் சிவப்பும் என்பார்கள். நம் பங்குச் சந்தைத் திரையில் ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் ஏறினால் சிவப்பு. இன்னும் பின்னால் போனால், கி.பி. 263-ல் சீனக் கணிதர் லியு ஹுய் எழுதிய உரையில், கணக்குக் குச்சிகளில் சிவப்பு மிகை எண், கறுப்பு குறை எண். சிவப்பு என்றாலே நட்டம் என்பது ஓர் ஊர்ப் பழக்கம்தான்.

மழைக்கு வரும்போது எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் நல்லது என்று பச்சை பூசக் கூடாது. 2015 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் நகரம் வெள்ளத்தில் நின்றதை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதத்தின் பட்டைக்குப் பச்சை பூச யாருக்கு மனசு வரும்? ஈரத்துக்கு நீலம், வறட்சிக்குப் பழுப்பு என்று வைத்துக்கொண்டால் நிறம் தீர்ப்பு சொல்லாமல் நிலவரத்தை மட்டும் சொல்லும். வானிலைத் துறையின் மாவட்ட மழை வரைபடத்தில் 20 முதல் 59 சதவீதம் வரை குறைவென்றால் சிவப்பு, 60 சதவீதத்துக்கு மேல் குறைவென்றால் மஞ்சள். மஞ்சள் மாவட்டம் சிவப்பு மாவட்டத்தைவிட மோசமான நிலையில் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தேவலை என்று படுகிறது. அதை மாற்றினால் நல்லது என்று நினைக்கிறேன்.

பச்சை சிவப்பைத் தவிர்க்க இன்னொரு காரணம் பார்வை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன், 1794-ல் தன் கண்ணுக்கு நிறங்கள் மற்றவர்களுக்குத் தெரிவதுபோலத் தெரியவில்லை என்று மான்செஸ்டரில் கட்டுரை படித்தார். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் நிலப்படங்களுக்காகத் தொகுத்த ‘கலர்புரூவர்’ நிறத் தொகுப்பில் சிவப்பு–நீலம், பழுப்பு–நீலப்பச்சை, ஊதா–ஆரஞ்சு ஆகிய இணைகள் இவர்களுக்கும் பிரித்துத் தெரிபவை. எந்த இணையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே அழுத்தம் இருக்கட்டும். குறைக்கு அடர்ந்த சிவப்பும் மிகைக்கு வெளிறிய பச்சையும் பூசினால் பார்க்கிறவரின் மனசை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறோம். அப்படியானால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுக்கும்போது இரண்டும் ஒரே சாம்பலாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் கோட்டுக்கு மேலே, கீழே என்ற இடமே மிகையா குறையா என்பதைச் சொல்லிவிடுகிறது, நிறம் அதற்குத் துணைதான். பூஜ்ஜியக் கோடு கருமையாக இருந்தால் ஜெராக்ஸிலும் படம் பிழைக்கும். நிலப்படத்துக்கு இந்த வசதி இல்லை. அங்கே நிறத்தை விட்டால் வேறு வழி கிடையாது, ஆகவே அடர்த்தியிலும் வித்தியாசம் வேண்டும்.

கடைசியாக, பூஜ்ஜியம். மேட்டூர்க் கணக்கில் பூஜ்ஜியம் இயற்கையே கொடுத்தது. வரத்தும் திறப்பும் சமமானால் பூஜ்ஜியம், அதை யாரும் தள்ளி வைக்க முடியாது. மழைக் கணக்கின் பூஜ்ஜியம் அப்படியல்ல. எந்த ஆண்டுகளின் சராசரி என்று மனிதர்கள் கூடி முடிவு செய்தது. 1961 முதல் 2010 வரையான சராசரி 880.6 மில்லிமீட்டர். 2022-ல் அதை மாற்றி, 1971 முதல் 2020 வரையான சராசரியான 868.6 மில்லிமீட்டரை வானிலைத் துறை புதிய இயல்பளவாக அறிவித்தது. 50 ஆண்டுச் சராசரியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நகர்த்துவது முறையான வழக்கம், அதில் தவறேதும் இல்லை. விளைவைப் பாருங்கள். 2021 பருவத்தில் பெய்தது சுமார் 87 சென்டிமீட்டர். பழைய அளவுகோலில் சராசரியில் 99 சதவீதம், கோட்டுக்குக் கீழே, பழுப்புப் பட்டை. புதிய அளவுகோலில் கோட்டுக்கு மேலே, நீலப் பட்டை. ஒரு சொட்டு மழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு கணக்கிலும் அது ‘இயல்பு’ என்ற வகைக்குள்தான் வருகிறது, எண்ணைப் படிக்கிறவருக்கு ஒரு சதவீத வித்தியாசம் ஒன்றும் பெரிதல்ல. நிறத்தைப் பார்க்கிறவருக்கு அது முழு மாற்றம்.

சற்று முன் நான் வாசித்த பட்டியலிலும் இதே சிக்கல் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளின் விலகல் 1951 முதல் 2000 வரையான 89 சென்டிமீட்டர் சராசரியோடு ஒப்பிட்டுச் சொன்னது. பட்டியலின் பிற்பகுதி 88 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டது. 2022 முதல் வரும் எண்கள் 87 சென்டிமீட்டரோடு. அந்தந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட சதவீதங்களை அப்படியே ஒரே நெடுவரிசையில் ஒட்டி வரைந்தால், ஒரே படத்துக்குள் மூன்று பூஜ்ஜியங்கள் ஒளிந்திருக்கும். நீண்ட தொடர் வரைய வேண்டுமென்றால் சதவீதங்களை விட்டுவிட்டு, பெய்த மழையை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, ஒரே சராசரியை எல்லா ஆண்டுகளுக்கும் கழியுங்கள். எந்தச் சராசரி என்பதை அடிக்குறிப்பில் தள்ளாமல், பூஜ்ஜியக் கோட்டின் ஓரத்திலேயே ‘1971–2020 சராசரி’ என்று எழுதிவிடுங்கள். சராசரியை ஒரு தனி அறையில் வைத்துச் சூத்திரங்களை அதோடு இணைத்துவிட்டால், அடுத்த முறை இயல்பளவு மாறும்போது அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும், மொத்தப் படமும் தானே திருந்திக்கொள்ளும்.

மடிக்கணினியில் மேட்டூர் உதாரணத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். சொந்தக் கணக்குகளைக் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், உங்கள் எண்களிலேயே செய்து பார்ப்போம்.